காது கேளாத பிள்ளைக்கு உதவித்தொகை: தரகனிடம் அசல் தாளைக் கொடுக்காதீர்கள்

டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும். நீலக் கோப்பு ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓர் ஆசாமி அலைகிறான். கோயில் வாசலையும் விட்டுவைப்பதில்லை. பிள்ளையின் காதில் மெஷினைக் கண்டால் போதும், "அக்கா, சைகை மொழி ஆட்சிமொழி ஆகிவிட்டதே, அதற்கென்று புதுப் பணம் வந்திருக்கிறது" என்று பேச்சைத் தொடங்குவான். 2023 ஜூலையில் சைகை மொழி இந்த நாட்டின் 12ஆவது ஆட்சிமொழி ஆனது உண்மை. பணம் வந்தது பொய்.

என் தங்கையிடம் கோப்புத் திறக்கும் செலவு என்று 1,500 ரேண்ட் வாங்கினான். மகனின் பிறப்புச் சான்றிதழையும் செவித்திறன் சோதனை அறிக்கையையும் அசலாகவே வாங்கிக்கொண்டான். பதிலுக்கு ஊதா முத்திரை குத்திய ஒரு சீட்டு. எழுதுபொருள் கடையில் யாரும் வாங்கக்கூடிய 'பெறப்பட்டது' முத்திரை அது. அலுவலகப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு சாசா (SASSA, உதவித்தொகை வழங்கும் தென்னாப்பிரிக்க அரசு அமைப்பு) அலுவலகத்தில் விசாரித்தால், பையன் பெயரில் விண்ணப்பமே இல்லை.

1,500 போனதுகூடப் பரவாயில்லை. 18 வயதுக்கு உட்பட்ட, கடும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரேண்டுக்கு மேல். ஒப்புதல் கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்குப் போட்டுத் தருவார்கள். மனுவே போகாத மாதங்களுக்கு யாரைக் கேட்பது? அந்தப் பாவி தின்றது அதைத்தான்.

விண்ணப்பத்துக்குச் சல்லிக்காசு கட்டணம் கிடையாது. நேரில் போங்கள், தேதி போட்ட ரசீதைக் கையில் வாங்காமல் நகராதீர்கள். காது கேளாது என்பதற்காக மட்டும் தந்துவிட மாட்டார்கள். பெற்றோர் வருமானம் பார்ப்பார்கள், பிள்ளைக்கு எவ்வளவு பராமரிப்பு தேவை என்று அரசு தரப்பு மருத்துவர் மதிப்பிடுவார். டாக்டரைச் சரிக்கட்டுகிறேன் என்பவனைக் கிட்டே சேர்க்காதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சாசாவின் இலவச எண் 0800 60 10 11.

தங்கை போலீசில் புகார் கொடுத்திருக்கிறாள். ஆசாமியோ போன வாரமும் டாக்சி நிறுத்தத்தில் கோப்போடு நின்றானாம். அந்த ஊதா முத்திரைச் சீட்டு உங்கள் வீட்டிலும் இருந்தால் கிழித்துப் போட்டுவிடாமல் காவல் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள். ஒரே ஒரு புகார் என்றால் அவர்களும் அசைய மாட்டார்கள்.