பழைய ராலே சைக்கிள் வைத்திருப்பவர்களே, ஓவராயிலுக்கு (முழுதாகப் பிரித்துச் சர்வீஸ் செய்ய) விடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அப்பா ஓட்டிய ராலே சைக்கிள். ராடு பிரேக், 28 அங்குலச் சக்கரம், இங்கிலாந்தின் நாட்டிங்காமில் செய்த வண்டி. போன மாதம் வரை நன்றாக ஓடியது. ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் லேசாகக் கரகரத்தது. கிரீஸ் காய்ந்திருக்கும், கழற்றித் துடைத்தால் சரியாகிவிடும் என்று தெரியும். நேரமில்லாததால் கடையில் விட்டேன்.

"பழைய வண்டியெல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு சார்" என்றார் கடைக்காரர். இரண்டு நாளில் 1,400 ரூபாய் வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்தார். தெருமுனை தாண்டும் முன்பே தெரிந்துவிட்டது. இடப்பக்கம் திருப்பினால் ஹேண்டில் பிடிக்கிறது, வலப்பக்கம் ஆடுகிறது. பிரேக் பிடித்தால் முன்சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க் முன்னும் பின்னும் அசைகிறது.

வீட்டில் பிரித்துப் பார்த்தேன். ஃபோர்க்கின் மேல் முனையில் இருந்த நட்டு எங்களுடையது இல்லை. பழைய ராலே ஃபோர்க்கில் அங்குலத்துக்கு 26 மரை (திருகுச் சுற்று). இப்போது பரவலாகக் கிடைக்கும் நட்டுக்கு 24 மரை. இரண்டுக்கும் குறுக்களவு ஒன்றுதான் என்பதால் கையால் ஓரிரு சுற்று ஏறும், அப்புறம் இறுகி நிற்கும். அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். பெரிய ஸ்பேனர் போட்டு முறுக்கி இறக்கியிருக்கிறார். நான் கழற்றியபோது நட்டோடு சேர்ந்து முடி மாதிரி இரும்புச் சுருள் வந்தது. மேல் மரை நான்கு சுற்று மழுங்கிப்போயிருந்தது. நட்டு போனால் வேறு வாங்கலாம், மரை போனால் ஃபோர்க்கே போனது போல.

உள்ளே இருந்த 5/32 அங்குலக் குண்டுகளைக் காணோம். அதற்குப் பதில் கூண்டு போட்ட பால்ரஸ், அதாவது குண்டுகளைத் தகட்டு வளையத்தில் பிடித்து வைத்தது. அதிலும் கீழே இருந்ததைத் தலைகீழாக வைத்திருந்தார். கூண்டுத் தகடு, குண்டுகள் உட்காரும் கிண்ணமான கப்பில் உரசி வட்டமாகக் கோடு விழுந்திருந்தது. கிரீஸ் மாற்றக் கப்பை ஃபிரேமிலிருந்து எடுக்கவே தேவையில்லை. இவர் எடுத்து, திரும்பச் சுத்தியலால் அடித்து ஏற்றியிருக்கிறார். கப் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, விளிம்பும் நசுங்கிவிட்டது.

திரும்பப் போய்க் கேட்டேன். "பழைய சாமான் எல்லாம் குப்பையில போட்டாச்சு சார்." அவ்வளவுதான் பதில்.

கடையில் விட்டால், கழற்றும் எதையும் தூக்கிப் போடாமல் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். 26 மரை பற்றிக் கேளுங்கள். எல்லாம் ஒண்ணுதான் என்று சொன்னால் வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள். முடிந்தால் நீங்களே பிரியுங்கள். கீழே துணி விரித்துக்கொண்டு ஃபோர்க்கை மெதுவாக இறக்குங்கள், குண்டு ஒவ்வொன்றாகத் தெறித்து ஓடும். மேல் கப், கீழ்க் கப் குண்டுகளைத் தனித்தனியாக எண்ணி வையுங்கள். மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் தடவித் திரும்ப அடுக்கும்போது ஒரு குண்டு அளவு இடம் காலியாக இருக்க வேண்டும். திணித்து நிரப்பக் கூடாது.

26 மரை டை (மரை வெட்டும் கருவி) இருந்தால் மழுங்கியதை ஓரளவு சீவி எடுக்கலாம் என்கிறார் ஒரு லேத் பட்டறைக்காரர். அந்த டையும் பழைய ராலே நட்டும் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வண்டி இப்போது ஃபோர்க் இல்லாமல் திண்ணையில் சாய்ந்து கிடக்கிறது.