ஆறு வருடமாக ஒரே கட்டர்: கேஸ் ட்ரிம்மர் பராமரிப்பு அனுபவம்

கையால் சுற்றும் கேஸ் ட்ரிம்மர் ஒன்றை ஆறு வருடமாக வைத்திருக்கிறேன். சுட்டுமுடித்த துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்புவதற்கு முன், நீண்டுபோன அதன் வாயைச் சீவி நீளத்தைச் சரிசெய்யும் கருவி இது. சின்ன லேத் மாதிரிதான் இருக்கும். காலெட் பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பைப் பிடித்துக்கொள்ளும், பைலட் கழுத்துக்குள் நுழையும், கட்டர் வாய்விளிம்பைச் சீவும். அதிகம் சீவுவது 308 வின்செஸ்டர் ரகத் தோட்டாக் கூடு, கொஞ்சம் 223 ரெமிங்டன். கட்டரை இதுவரை மாற்றவில்லை. இரண்டு முறை தீட்டியிருக்கிறேன், அதில் முதல் முறை தேவையே இல்லாதது.

மூன்றாம் வருடம் வாய்விளிம்பில் அலை அலையாகக் கோடு விழுந்தது. பிசிறு தடித்தது. அமைப்பை மாற்றாமலேயே கூட்டுக்குக் கூடு நீளம் 0.004 அங்குலம் வரை வேறுபட்டது. கட்டர் மழுங்கிவிட்டது என்று நினைத்து, பற்களின் முகத்தைக் கல்லில் சற்றுச் சாய்த்துத் தேய்த்தேன். கூர்மை என்னவோ வந்தது. ஆனால் கட்டர் பித்தளையைச் சீவாமல் கடித்து இழுக்க ஆரம்பித்தது. எஃகைச் சீவும் முனைக்கு இருக்கும் சாய்வு பித்தளைக்கு ஆகாது; முகம் ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு மாலை முழுவதும் ஆனது. அப்புறமும் நீளம் சரியாகவில்லை. காலெட்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உள்ளே பித்தளைச் சீவல் அப்பியிருந்தது. கூடு ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது. கட்டரின் பல்லிடுக்குகளும் அப்படியே. நைலான் பிரஷால் தேய்த்ததும் பாதிப் பிரச்சினை போய்விட்டது.

அன்றிலிருந்து ஐம்பது கூட்டுக்கு ஒரு முறை பிரஷ் போடுகிறேன். காற்றடித்து ஊதுவதில்லை, துகள் தண்டின் பேரிங்குக்குள் போய்விடும். கூடுகளைச் சுத்தம் செய்த பிறகே சீவுகிறேன். வாயில் ஒட்டிய கரியும் மெருகேற்றும் துருவலும் கட்டரின் முனையைத் தின்றுவிடும். அம்மோனியா கலந்த திரவம் மட்டும் வேண்டவே வேண்டாம், அது பித்தளையில் விரிசல் விழவைக்கும். பைலட்டுக்கு ஒரு துளி எண்ணெய் போதும். கழுத்தில் ஒட்டியதைத் துடைத்துவிட வேண்டும். கைப்பிடியைப் பின்னோக்கிச் சுற்றும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் வருடம் கட்டர் உண்மையாகவே மழுங்கியது. சுருளாக விழுந்த சீவல் தூளானது, கை அழுத்தம் கூடியது, லென்ஸில் பார்த்தால் முனையில் மெல்லிய பளபளப்புக் கோடு தெரிந்தது. கூர்மையான முனை வெளிச்சத்தைத் திருப்பாது. இந்த முறை பற்களின் முகத்தில் மார்க்கர் மை பூசினேன். நுண்ணிய டைமண்ட் கல்லில் முகத்தைத் தட்டையாக வைத்து, பல்லுக்கு ஐந்தே தேய்ப்பு. மை சீராக அழிந்தால் கோணம் மாறவில்லை என்று அர்த்தம். எல்லாப் பல்லுக்கும் எண்ணிக்கை ஒன்றாக இருப்பது முக்கியம், இல்லையென்றால் ஒரே பல் எல்லா வேலையையும் செய்யும். பல்லின் பின்பக்கச் சரிவைத் தொடவே இல்லை.

என்னுடையது ஹைஸ்பீடு ஸ்டீல் என்பதால் இது வீட்டிலேயே முடிந்தது. கார்பைடு கட்டருக்குச் சாதாரணக் கல் வேலைக்கு ஆகாது. கீழே விழுந்தால் முனையும் உடையும். அதைச் சாணை பிடிப்பவரிடம் கொடுப்பதே நல்லது.

தீட்டியபின் முதல் கூட்டைக் கட்டாயம் காலிப்பரில் அளக்க வேண்டும், அமைப்பு நகர்ந்திருக்கும். 308-க்கு அதிகபட்ச நீளம் 2.015 அங்குலம், சீவ வேண்டியது 2.005 வரை. அதிகபட்சத்தைத் தாண்டி நீண்டால் சேம்பரின் (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) முனையில் கூட்டின் வாய் நெருக்கப்பட்டு, குண்டை விட முடியாமல் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். சுட்டதில் விரிந்த கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் சைஸிங் செய்யும்போதும் கூடு நீளும் என்பதால் அதற்குப் பிறகுதான் அளக்கிறேன். இப்போது ஒரே தொகுதிக்குள் வேறுபாடு 0.001 அங்குலத்துக்குள் நிற்கிறது. சீவிய வாய்விளிம்பின் பிசிறை எடுத்துச் சரிவாக்கும் சேம்ஃபர் கருவியையும் அதே பிரஷால் சுத்தம் செய்கிறேன். அதை இன்னும் தீட்ட வேண்டிய நிலை வரவில்லை.