அபரா வீட்டில் செய்ய: உடைத்த பயறா, மாவுப் பொட்டலமா?

பிரேசிலில் பாஹியா மாநிலத்தின் தலைநகரான சால்வடோருக்குக் குடிவந்து நான்கு வருடமாகிறது. தெருமுனையில் வெள்ளைப் பாவாடையும் தலைக்கட்டுமாகத் தட்டு விரித்து உட்காரும் பையானா, அதாவது தெருவில் பலகாரம் விற்கும் அம்மாவிடம் வாரத்துக்கு ஒரு அபராவாவது வாங்கிச் சாப்பிடாமல் இருந்ததில்லை. வீட்டிலேயே செய்யலாம் என்று இறங்கியபோது முதல் கேள்வியே மாவில்தான் வந்தது. கடையில் கிடைக்கும் பயற்றமாவுப் பொட்டலத்தில் மூன்று தடவை, முழுப் பயறில் இரண்டு தடவை, உடைத்த பயறில் பத்துத் தடவைக்கு மேல் செய்துவிட்டேன். இப்போது என் சமையலறையில் இருப்பது உடைத்த பயறு மட்டும்தான்.

அபரா தெரியாதவர்களுக்கு: பாஹியாவின் தெருக்களில் விற்கும் அக்கராஜேயின் உடன்பிறப்பு இது. இரண்டுக்கும் அடிப்படை ஒரே மாவு. கறுப்புக் கண் உள்ள வெள்ளைக் காராமணியை (நான் பயறு என்பது இதைத்தான்) ஊறவைத்து, தோல் நீக்கி, வெங்காயத்தோடு அரைப்பது. அதைத் தெந்தே எனும் செம்பனை எண்ணெயில் பொரித்தால் அக்கராஜே. மாவிலேயே தெந்தேயும் பொடித்த காய்ந்த இறாலும் கலந்து, வாழை இலையில் மடித்து ஆவியில் வேகவைத்தால் அபரா. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட யொருபா மக்களின் கைப்பக்குவம் இது. நைஜீரியாவில் இன்றும் செய்யும் மொய்மொய் இதன் நெருங்கிய சொந்தம். கண்டொம்ப்ளே எனும் ஆப்பிரிக்க-பிரேசில் சமய வழிபாட்டில் தெய்வங்களுக்குப் படைக்கும் உணவுகளில் அபராவும் உண்டு. இவற்றைச் செய்து விற்கும் பையானாக்களின் தொழிலை 2005-ல் பிரேசில் தன் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது. அதனால்தான் வீட்டில் செய்யும்போதும் ஏனோதானோ என்று செய்ய எனக்கு மனம் வருவதில்லை.

சரி, மாவுக்கு வருவோம். பொட்டல மாவின் வசதியைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஊறவைக்க வேண்டாம், தோல் உரிக்க வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கலந்தால் அரை மணி நேரத்தில் இலையில் மடிக்கலாம். விலை கொஞ்சம் கூட, அவ்வளவுதான். நேரம் மட்டும்தான் கணக்கு என்றால் போட்டியே இல்லை.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது வேறு ஒன்று: அடித்தால் மாவு காற்றைப் பிடிக்கிறதா இல்லையா என்பது.

அபராவில் ஈஸ்டும் சோடாவும் கிடையாது. இட்லி மாவைப் போலப் புளிக்கவும் வைப்பதில்லை. புளித்தால் அது கெட்டுப்போன மாவு. அப்படியானால் வெந்த அபரா கரண்டி பட்டதும் விட்டுக்கொடுக்கிற மாதிரி மெத்தென்று எப்படி வருகிறது? மரக்கரண்டியால் மாவை அடித்து அடித்து உள்ளே ஏற்றுகிற காற்றால் மட்டும்தான். அக்கராஜேக்கு எப்படியோ, அபராவுக்கும் அப்படியே. ஊறிய பயறை அரைத்து, ஒரே திசையில் பத்து நிமிடம் அடித்தால் கண்ணெதிரே நிறம் மாறும். பழுப்பு வெளுத்துப் பால் நிறமாகும், மாவு பாத்திரத்தில் மேலே ஏறும், கரண்டியைத் தூக்கினால் ஒட்டிக்கொண்டு மெதுவாக விழும். அம்மா உளுந்து வடைக்குப் பார்க்கும் சோதனையைத்தான் நான் இங்கேயும் செய்கிறேன். தெந்தே கலப்பதற்கு முன் ஒரு சிட்டிகை மாவைத் தண்ணீர் டம்ளரில் போடுவேன். உடைத்த பயறு மாவு உருண்டையாக மிதந்தது. பொட்டல மாவு மூன்று தடவையும் நேராக அடியில் போய் உட்கார்ந்து கரைந்தது. இருபது நிமிடம் அடித்துப் பார்த்தும் மாற்றமில்லை.

காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. உலர்ந்த பயறை மெஷினில் அரைத்தால் அது நைசான தூளாகிவிடுகிறது. தூள் எவ்வளவு நைசோ, வெந்த பண்டம் அவ்வளவு கெட்டி. போதாததற்கு வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றியாக வேண்டும். ஊறிய பயறிலோ தேவையான தண்ணீர் உள்ளேயே இருக்கிறது, மாவிலும் கொஞ்சம் கொரகொரப்பு மிஞ்சுகிறது. பொட்டல மாவில் செய்த அபரா ருசியில் மோசமில்லை; இறாலும் தெந்தேயும் இருக்கும்போது ருசி எங்கே போகும்? ஆனால் ஆறியதும் சீவினால் கத்தியில் ஒட்டுகிற களி மாதிரி ஆகிவிட்டது. மூன்றே தடவைதான் செய்தேன், மூன்றும் ஒரே கடைப் பொட்டலம். பொட்டல மாவிலேயே கை பழகியவர்களுக்கு இதைவிட நன்றாக வரலாம்.

அப்படியென்றால் ஏன் முழுப் பயறு இல்லை? தோல். அரைக் கிலோ முழுப் பயறை ராத்திரி ஊறவைத்து, காலையில் கையால் கசக்கிக் கசக்கி, மிதக்கும் தோலை வடித்து, பிடிவாதமாக ஒட்டியிருப்பதை ஒவ்வொன்றாக உரிக்க எனக்கு ஒன்றரை மணி நேரமானது. கறுப்புக் கண்ணையும் எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மாவெங்கும் கரும்புள்ளி. உடைத்த பயறு இந்த வேலையை இருபது நிமிடமாகக் குறைத்துவிடுகிறது. பயறு இரண்டாக, நான்காக உடைந்திருப்பதால் நான்கு மணி நேர ஊறலிலேயே தோல் கழன்று மேலே வரும். ஆறேழு தண்ணீர் மாற்றினால் போதும். எதிர்வீட்டு அம்மா முதல் நாளே சொன்னார்: "உடைச்சதை வாங்கு மகளே, அதுதான் புத்தி." சாவ் ஜோவக்கிம் சந்தையில் உடைத்ததே கிடைக்கிறது. காய்ந்த இறாலும் தெந்தேயும் வாழை இலையும் அங்கேயே வாங்கிவிடலாம். கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் உலர்ந்த முழுப் பயறை மிக்ஸியில் இரண்டு மூன்று முறை விட்டு விட்டுச் சுற்றினாலே போதும், உடைந்துவிடும். தூளாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடைத்த பயறுக்கும் குறை உண்டு. முழுப் பயறைவிடச் சீக்கிரம் வண்டு வைக்கும், ஆகவே ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். இந்த ஊர் வெயிலில் ஊறும் தண்ணீர் வேகமாகப் புளிக்கும். நான் ஃபிரிட்ஜில்தான் ஊறவைக்கிறேன்.

அரைப்பதில் ஒரே ஒரு விதி: தண்ணீர் சேர்க்கக் கூடாது. உயரமான ஜாருள்ள மிக்ஸி தண்ணீர் இல்லாமல் சுற்றாது, அங்கேதான் பலருக்கும் கை நீளும். ஃபுட் பிராசஸர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வெங்காயத்தை முதலில் கூழாக்கி, அந்தச் சாற்றிலேயே பயறைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அரையுங்கள். அம்மிக் கல் மாதிரியான கல்லில் அரைத்ததுதான் பழைய முறை. அதை நான் செய்து பார்த்ததில்லை.

அரைக் கிலோ பயறுக்கு என் அளவு: நடுத்தர வெங்காயம் இரண்டு, கட்டைவிரல் நீள இஞ்சி, தலையும் வாலும் கிள்ளிப் பொடித்த காய்ந்த இறால் நூறு கிராம், தெந்தே முக்கால் டம்ளருக்குச் சற்றுக் குறைவு. இறாலிலேயே உப்பு இருக்கும், ஆகவே உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். அடித்து முடித்த பிறகுதான் தெந்தே ஊற்ற வேண்டும். முன்னாலேயே எண்ணெய் விழுந்தால் மாவு ஏறாது. ஒருமுறை அவசரத்தில் அப்படிச் செய்து, பொட்டல மாவில் வந்த அதே களியைத்தான் சாப்பிட்டோம்.

இலையா, கிண்ணமா என்று கேட்டால் இலை. அனலில் லேசாக வாட்டினால் கிழியாமல் மடியும், வெந்ததும் அதன் வாசனை மாவில் இறங்கியிருக்கும். இலை இல்லையென்றால் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி மூடி வேகவைக்கலாம், மெத்தென்றே வரும், வாசனைதான் வராது. நாற்பது நிமிட ஆவி போதும். பெரிய பொதியாக மடித்திருந்தால் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள்.

பாஹியாவை விட்டு வெகு தூரத்தில், உடைக்க மிக்ஸிகூட இல்லாத விடுதி அறையில் ஒரு மாணவர் இருந்தால், அவருக்குப் பொட்டல மாவையே சொல்வேன். அக்கராஜேக்கு அதை வாங்காதீர்கள், எண்ணெயில் கல்லாகிவிடும். அபராவுக்காவது ஆவி கொஞ்சம் கைகொடுக்கிறது. வெந்நீரில் அல்லாமல் குளிர்ந்த நீரில் கலந்து ஒரு மணி நேரம் ஊறவிட்டால், மூன்றாவது தடவை எனக்கு வந்த அளவுக்காவது வரும்.

போன செப்டம்பரில் உடைத்த பயறில் செய்த பன்னிரண்டை எதிர்வீட்டுக்கு எடுத்துப் போனேன். அந்த அம்மா இலையைப் பிரித்து, விரலால் மேலே ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். குழி விழுந்து மெல்ல மேலே எழுந்தது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் வத்தப்பா எனும் இறால்-தேங்காய்ப்பால் கூழும் மிளகாய்க் குழம்பும் எடுத்து வந்தார்.