ஆஸ்திரேலியாவுக்கு அப்பா அம்மாவை அழைப்பவர்களே, ஏஜெண்டிடம் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பிள்ளை மெல்பர்னிலோ பெர்த்திலோ நிரந்தரவாசம் வாங்கிக் குடியேறிவிட்டார். வயதான அப்பா அம்மா இங்கே கோலாலம்பூரில் தனியாக இருக்கிறார்கள். இப்படிப்பட்ட குடும்பங்களைக் குறிவைத்து நடக்கும் மோசடி பற்றிய எச்சரிக்கை இது. செந்தூலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தம்பதி ஒருவர் இதில் 61,300 வெள்ளியை (ரிங்கிட்) இழந்திருக்கிறார்கள். அவர்களின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். போலீஸ் ரிப்போர்ட் செய்தாகிவிட்டது என்பதால் ஏஜெண்டின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ இங்கே போடவில்லை.

பணம் போன வழி இது. ஃபைல் திறக்க 3,500 வெள்ளி. ‘தற்காலிக விசா’ இருவருக்கும் 4,800. மருத்துவப் பரிசோதனைக்கு 2,400. ‘பாண்ட் பணம்’ 42,000. கடைசியாக, வரிசையில் முன்னால் தள்ளிவிட 8,600. முதல் மூன்றுக்கும் நிறுவனத்தின் பெயரில் ரசீது உண்டு. பெரிய தொகைகளான கடைசி இரண்டும் ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்குப் போயின. அவற்றுக்கு ரசீதே இல்லை, வாட்ஸ்அப்பில் ஒரு ‘ஓகே அங்கிள்’ மட்டும்தான்.

இந்த மோசடியின் சூட்சுமம், பல வருடம் கழித்து வேறு யாருக்கோ கட்ட வேண்டிய பணத்தை இன்றைக்கே, இங்கேயே வாங்கிக்கொள்வது. எந்தப் பணம் எப்போது, யாரிடம் கட்ட வேண்டியது என்று குடும்பத்துக்குத் தெரிந்துவிட்டால் இது நடக்காது.

143 எனப்படும் பங்களிப்புப் பெற்றோர் விசாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இதைக் காட்டித்தான் பேசுவார்கள். இதில் அரசாங்கத்துக்குக் கட்டுவது இரண்டு தவணை. முதல் தவணை விண்ணப்பிக்கும்போது. முதன்மை விண்ணப்பதாரருக்கு 5,000 ஆஸ்திரேலிய டாலரை ஒட்டி வரும், துணைக்குத் தனி. இரண்டாம் தவணைதான் பெரியது, ஆளுக்கு 43,600 டாலர். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஏறத்தாழ இரண்டரை லட்சம் வெள்ளி. ஆனால் அதை விசா கொடுக்கும் தறுவாயில், ஆஸ்திரேலியக் குடிநுழைவு இலாகா கடிதம் எழுதிக் கேட்ட பிறகுதான் கட்ட வேண்டும். புதிதாக விண்ணப்பிப்பவருக்கு அந்தக் கடிதம் வர 12 ஆண்டுக்கு மேல் ஆகும். பங்களிப்பு இல்லாத 103 விசாவுக்கோ 30 ஆண்டுக்கு மேல் என்று அந்த இலாகாவே சொல்கிறது. 65 வயதுக்காரரிடம் ‘18 மாதத்தில் கிடைக்கும்’ என்று ஒருவர் சொன்னால், அவருடன் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. வருடத்துக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கி, வரிசைத் தேதிப்படி கொடுக்கிற விசா அது. பணம் கொடுத்து அந்த வரிசையில் முன்னால் போக வழியே கிடையாது. அந்த 8,600 வெள்ளி எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை.

பாண்ட் பணமும் அதே கதைதான். அதற்கு ‘ஆதரவு உறுதிமொழி’ என்று பெயர். பெற்றோர் அங்கே போன பிறகு அரசாங்க உதவிப் பணம் வாங்கினால் அதை ஈடுகட்ட வைக்கும் பிணை அது. 143 விசாவுக்கு முதன்மை விண்ணப்பதாரருக்கு 10,000 டாலர், துணைக்கு 4,000, பத்து வருடம் பிடித்துவைப்பார்கள். அதை வைப்பது ஆஸ்திரேலியாவில் வசிக்கும் உறுதியளிப்பவர், பெரும்பாலும் உங்கள் பிள்ளை. வைக்கும் இடம் ஆஸ்திரேலிய வங்கி. அதுவும் குடிநுழைவு இலாகா கேட்ட பிறகு, அங்கே அரசாங்க உதவிப் பணத்தைக் கவனிக்கும் சர்வீசஸ் ஆஸ்திரேலியா அவருடைய வருமானத்தைப் பரிசீலித்து ஒப்புக்கொண்ட பிறகு. இங்கே பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஏஜெண்டு அலுவலகத்தில் அந்தப் பணத்தைக் கட்டச் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை.

மருத்துவப் பரிசோதனைக்கான பணத்தை, இலாகா நியமித்த கிளினிக்கில் பரிசோதனை நாளன்று நேரடியாகக் கட்ட வேண்டும். முடிவு பொதுவாக 12 மாதம்தான் செல்லும். விஸ்மா புத்ரா (மலேசிய வெளியுறவு அமைச்சு) தரும் நன்னடத்தைச் சான்றிதழும் அப்படித்தான். இ-கொன்சுலார் என்ற இணையத் தளம் வழியாக விண்ணப்பித்தால் அதன் கட்டணம் 20 வெள்ளி. பன்னிரண்டு வருட வரிசையின் முதல் மாதத்திலேயே இவற்றை எடுக்கச் சொல்வது வீண் செலவு. ‘மெடிக்கலை நான் செட்டில் பண்ணித் தரேன்’ என்ற பேச்சையும் நம்பாதீர்கள். கிளினிக் முடிவுகளை நேராக இலாகாவின் கணினிக்கே அனுப்பிவிடும். அதைவிட முக்கியமான விஷயம், பெற்றோர் விசாவில் மருத்துவ விதிக்கு விலக்கு கிடையாது, ஒருவர் தேறாவிட்டால் இருவருக்குமே கிடைக்காது. டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கும் ஒருவருக்காக முதல் தவணை கட்டுவதற்கு முன் இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

இப்போது அந்த ‘தற்காலிக விசா’. 4,800 வெள்ளிக்கு அவர்களுக்குக் கிடைத்தது ஈடிஏ, அதாவது சாதாரணச் சுற்றுலா அனுமதி. மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் கைப்பேசியில் ஆஸ்திரேலிய ஈடிஏ செயலியை இறக்கி, கடப்பிதழின் சிப்பைப் போனில் ஒட்டிவைத்துப் படிக்கவிட்டு, முகத்தைப் படம் எடுத்து, ஆளுக்கு 20 டாலர் கட்டினால் வந்துவிடும். 12 மாதம் செல்லுபடியாகும். ஆனால் ஒவ்வொரு முறையும் தங்குவதற்கு மூன்று மாதம்தான். அந்தத் தம்பதிக்குக் கொடுத்த அச்சுப் பிரதியில் மேலே அரசு முத்திரையைக் கலரில் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள். கீழே ‘மூன்று மாதம்’ என்று சொல்லும் வரியும் நிபந்தனைகளும் இருக்கும் பகுதியை வெட்டிவிட்டு நகல் எடுத்திருக்கிறார்கள். 12 மாதம் என்பது மட்டும் தெரிகிறது. அதை நம்பி வீட்டைக் காலி செய்துவிட்டு, பாத்திரம் பண்டத்தோடு விமானம் ஏறினால், விமான நிலைய அதிகாரியிடம் ‘மகளோடு இருக்க வந்துவிட்டோம்’ என்று உண்மையைத்தான் சொல்வார்கள். அந்த ஒரு பதிலுக்கே ஈடிஏவை ரத்து செய்து திருப்பி அனுப்ப முடியும்.

இதையெல்லாம்விட மோசமான ஒன்று இருக்கிறது. இந்தத் தம்பதி 143க்கு விண்ணப்பிக்கவே தகுதியில்லாதவர்கள். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். மகள் மெல்பர்னில், இரண்டு மகன்கள் இங்கே. குடும்பச் சமநிலைச் சோதனை என்று ஒன்று உண்டு. பிள்ளைகளில் குறைந்தது பாதிப் பேர் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு எந்த ஒரு நாட்டைக் காட்டிலும் அங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். நான்கில் இருவர் அங்கே என்றால் தேறும். மூன்றில் ஒருவர் அங்கே, இருவர் மலேசியாவில் என்றால் தேறாது. ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே, ஒருவர் சிங்கப்பூரில் என்றாலும் தேறாது, ஏனென்றால் சமமாக இருந்தால் போதாது. ஐந்தில் இருவர் அங்கே, மற்ற மூவரும் மூன்று வெவ்வேறு நாட்டில் என்றால் தேறும். மாற்றுத்தாய், மாற்றுத்தந்தை வழிப் பிள்ளைகளும் கணக்கில் வருவார்கள்.

இந்தக் கணக்கை விரல்விட்டு எண்ணிச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஏஜெண்டு சொன்னதோ வேறு: “அங்கிள், ரெண்டாவது மகன் பேரைப் போட வேணாம் லா. ரெண்டு பிள்ளைன்னு இருந்தா பாஸ்.” தயவுசெய்து இதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். பொய்த் தகவல் கொடுத்தது தெரிந்தால் விண்ணப்பத்தை நிராகரிப்பதோடு, மூன்று வருடத்துக்குப் பெரும்பாலான விசாக்களுக்குத் தடை விழும். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் சுற்றுலா விசாவும் அதில் அடங்கும். பொய் சொல்லச் சொன்னது ஏஜெண்டு என்றாலும் தடை விழுவது அப்பா அம்மா மேல்தான்.

அவர்களுக்கு நேர்மையான வழி ஒன்று இருந்தது, யாரும் சொல்லவில்லை. 2019இல் வந்த, 870 எனப்படும் தற்காலிகப் பெற்றோர் விசாவுக்குக் குடும்பச் சமநிலைச் சோதனையே கிடையாது. மூன்று அல்லது ஐந்து வருடம் தங்கலாம். பிறகு 90 நாளாவது வெளியே இருந்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். மொத்தம் பத்து வருடம் வரை. முதலில் அங்கே உள்ள பிள்ளை ஸ்பான்சராக ஒப்புதல் வாங்க வேண்டும். அவர் குறைந்தது நான்கு வருடம் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் வருடத்துக்கு 83,454.80 டாலருக்குக் குறையக் கூடாது. ஒப்புதல் கிடைத்த பிறகுதான் பெற்றோர் விண்ணப்பிப்பார்கள், அதுவும் பொதுவாக ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருந்து. கட்டணம் தொடங்கியபோது மூன்று வருடத்துக்கு 5,000 டாலர், ஐந்து வருடத்துக்கு 10,000 என்று இருந்தது, ஒவ்வொரு ஜூலை 1ஆம் தேதியும் கட்டணங்கள் மாறுவதால் இப்போது கூடுதல். வேலை செய்யக் கூடாது. ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ உதவித் திட்டமான மெடிகேர் கிடையாது, மலேசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே மருத்துவ ஒப்பந்தமும் இல்லை, ஆகவே காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். வயதானவர்களுக்கு அந்தக் காப்புறுதிதான் பெரிய செலவு. விசாக் கட்டணத்தை விசாரிக்கும் முன் அதை விசாரியுங்கள்.

ஏஜெண்டு எந்தப் பத்திரங்களைக் கேட்கிறார் என்று கவனியுங்கள். உண்மையாகவே விண்ணப்பிக்கப் போகிறவர் எல்லாப் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும், உங்கள் திருமணப் பதிவையும் முதல் நாளே கேட்பார். நம் சமூகத்தில் சிக்கல் வருவதே அங்கேதான். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் ஒரு எழுத்துக்கூட்டலில், ஐசியில் (அடையாள அட்டையில்) வேறு எழுத்துக்கூட்டலில், கடப்பிதழில் மூன்றாவதாக இருக்கும். 1982 மார்ச் 1ஆம் தேதிக்கு முன் கோயிலில் தாலி கட்டி, பதிவே செய்யாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தத் திருமணங்களைச் சட்டம் ஏற்கிறது, ஆனாலும் காட்டுவதற்குப் பத்திரம் வேண்டுமே, அதற்குத் தேசியப் பதிவிலாகாவுக்கு நடக்க வேண்டும். குடியுரிமை இல்லாமல் நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசி வைத்திருக்கும் பாட்டிகளுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது என்பதால் மேலே சொன்ன ஈடிஏ வழி அவர்களுக்குப் பொருந்தாது. இதில் ஒன்றைக்கூடக் கேட்காமல், ஐசி நகலையும் வங்கிப் பணத்தையும் மட்டும் கேட்பவர் எதையும் அனுப்பப் போவதில்லை. இந்தத் தம்பதியிடம் திருமணப் பத்திரம் கேட்கப்படவே இல்லை. ஊழியர் சேமநிதியின் இணையக் கணக்கான ஐ-அக்காவுனின் கடவுச்சொல் மட்டும் கேட்கப்பட்டது. அதை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ஏஜெண்டைச் சரிபார்ப்பதற்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் தொழில் செய்யும் குடிநுழைவு ஏஜெண்டு ஏஜெண்டுகளைப் பதிவு செய்யும் ஓமாரா என்ற அரசு அமைப்பில் பதிந்து, மார்ன் எனப்படும் ஏழு இலக்கப் பதிவு எண் வைத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலிய வழக்கறிஞர்களுக்கு மட்டும் 2021 மார்ச் முதல் அந்தப் பதிவு தேவையில்லை, அவர்கள் தங்கள் வழக்கறிஞர் உரிமத்தின் பேரிலேயே செய்யலாம். மலேசியாவில் இருந்துகொண்டு செய்பவருக்கு ஓமாரா பதிவு கட்டாயமில்லை. ஆகவே பதிவு இல்லை என்பதாலேயே ஒருவரை மோசடிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தவறு நடந்தால் அவர்மேல் நடவடிக்கை எடுக்க ஓமாராவால் முடியாது. எங்கள் கருத்து: இவ்வளவு பணம் புழங்கும் வேலைக்குப் பதிந்தவரையே பாருங்கள். அட்டையில் அச்சடித்த மார்ன் எண் இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். ஓமாரா தளத்தில் பெயரைத் தேடி, அங்கே போட்டிருக்கும் எண்ணுக்கே கூப்பிட்டு, ‘கோலாலம்பூரில் இன்னார் உங்கள் ஆளா’ என்று கேளுங்கள். எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு இருக்கிறது என்று காட்டினால், அப்படி ஒரு நிறுவனம் இருக்கிறது என்பதைத் தவிர அதில் வேறு உறுதி கிடையாது.

கையில் ஏதாவது ‘அப்ரூவல் லெட்டர்’ இருந்தால் வீவோ என்ற இலவச அரசுத் தளத்தில் சோதிக்கலாம். விசா உண்மையாக இருந்தால் 13 இலக்க அனுமதி எண் இருக்கும். அதோடு கடப்பிதழ் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டால் நிபந்தனைகள் அத்தனையும் திரையில் வரும். விண்ணப்பத்தில் கடிதப் போக்குவரத்துக்கு ஏஜெண்டின் மின்னஞ்சலைப் போட்டுவிட்டால், இலாகா எழுதுவது எதுவும் உங்கள் கண்ணில் படாது. ஏஜெண்டையும் கடிதம் பெறுபவரையும் நியமிக்கும் 956, 956ஏ படிவங்களில் கையெழுத்துப் போடுவதற்கு முன் யாருடைய முகவரி அதில் இருக்கிறது என்று பாருங்கள்.

ஏற்கனவே பணம் போய்விட்டதென்றால் முதல் வேலை 997க்கு அழைப்பது. அது தேசிய மோசடி மறுமொழி மையம். பணம் இன்னும் கைமாறாமல் இருந்தால் அந்தக் கணக்கை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு, ஆகவே வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். பிறகு போலீஸ் ரிப்போர்ட். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். பணம் அனுப்பிய கணக்கு எண்ணைப் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டால், முன்பே யாராவது புகார் செய்திருக்கிறார்களா என்று தெரியும். பணம் அனுப்புவதற்கு முன்பே அங்கே தேடுவது இன்னும் நல்லது.

நிறுவனத்தின் ரசீது இருக்கும் தொகைக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று வருடத்துக்குள் கோர வேண்டும். பினாங்கில் இருப்பவர்கள் மஸ்ஜித் நெகிரி சாலையில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் பத்திரங்களோடு போய் ஆலோசனை கேட்கலாம்.

பலரும் விட்டுவிடும் ஒரு வேலையும் உண்டு. உங்கள் பெயரில் ஏஜெண்டு உண்மையிலேயே எதையாவது அனுப்பியிருக்கிறாரா, அதில் என்ன எழுதியிருக்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆஸ்திரேலியத் தகவல் சுதந்திரச் சட்டப்படி உங்கள் சொந்தக் கோப்பின் நகலைக் கேட்கக் கட்டணம் கிடையாது, இங்கிருந்தே கேட்கலாம். இரண்டாவது மகன் பெயர் விடுபட்ட படிவம் அங்கே கிடந்தால், இலாகா கண்டுபிடிக்கும் முன் நீங்களே எழுதித் திருத்துங்கள்.

பெற்றோர் ஈடிஏவில் ஏற்கனவே அங்கே போய் இறங்கிவிட்டிருந்தால் மூன்று மாதக் கெடுவைக் காலண்டரில் குறித்துவையுங்கள். இன்னும் தங்க வேண்டுமென்றால் கெடு முடிவதற்குள் 600 வருகையாளர் விசாவுக்கு அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். ஒன்றும் செய்யாமல் கெடு தாண்டி 28 நாளுக்கு மேல் தங்கிவிட்டால் பெரும்பாலான தற்காலிக விசாக்களுக்கு மூன்று வருடத் தடை வரும், 870க்குப் போகும் வழியும் அடைபடும்.