தையல் மிஷின் லைட் செய்யப் போய் 23,600 ரூபாய் போன கதை

கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் தையல் மிஷினுக்கு லைட் செய்து தருவதாகப் பணம் வாங்கிய கடைக்காரர் இன்று காலை பதினொரு மணிக்கு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். போனது 23,600 ரூபாய். ஒரு லைனிங் பிளவுஸுக்கு நான் வாங்குவது 450 ரூபாய். 52 பிளவுஸ் தைத்து முடித்து 53வதில் பாதி தைத்தால்தான் அந்தப் பணம் வரும். அதுவும் நூல், ஹூக், கரண்ட், கூட வேலை செய்கிற பெண்ணுக்குச் சம்பளம் எதையும் கழிக்காமல்.

கடையின் பெயரைப் போடவில்லை. வக்கீலுக்குப் படித்த அக்கா மகள் "பேர் போட்டீங்கன்னா அவன் உங்க மேல கேஸ் போடுவான் சித்தி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கோவையில் 3டி பிரிண்டிங்கும் (பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காகப் பொருள் செய்வது) டிசைனும் செய்து தருகிற ஒரு சின்னக் கடை. அதை எனக்குக் காட்டியது, ஊரில் உள்ள கடைகளையெல்லாம் பட்டியல் போட்டு போன் நம்பர் தருகிற ஒரு செயலி. இவ்வளவுதான் சொல்லலாம்.

ஈரோட்டில் வீட்டு முன்னறையில் மூன்று மிஷின் போட்டு 19 வருஷமாகத் தைக்கிறேன். வயது 46. போன வருஷம் வெள்ளெழுத்து வந்து கண்ணாடியும் போட்டாச்சு. ஆனால் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும்போது கண்ணாடி என்ன செய்யும்? தைக்கிறவர்களுக்குத் தெரியும். டியூப் லைட் தலைக்கு மேலே எரிந்தால் நம் தலையும் கையும் மிகச் சரியாக ஊசி இறங்குகிற இடத்தில்தான் நிழலைப் போடும். மிஷினோடு வருகிற பழைய குண்டு பல்போ அரைமணி நேரத்தில் நெற்றியைச் சுடும்.

"ஆன்லைனில் 300 ரூபாய்க்கு வளைகிற லைட் கிடைக்கிறதே" என்று எழுத வருகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். அதில் இரண்டு வாங்கியிருக்கிறேன். மோட்டார் ஓடினால் அந்த வளையும் கழுத்து ஆடுகிறது, கூடவே வெளிச்சமும் தையல் மேல் ஆடுகிறது. நாலு மாதத்தில் கழுத்து தளர்ந்து தலை தொங்கிவிடும். அடியில் காந்தம் வைத்திருப்பார்கள். அது என் பழைய வார்ப்பிரும்பு மிஷினில் நன்றாக ஒட்டும். ஜிக்ஜாக் மிஷின் அலுமினியம், அதில் ஒட்டவே ஒட்டாது.

அதனால் நானே ஒன்று யோசித்தேன். மூன்று இடத்தில் மடங்கும் கை, மடக்குகிற இடத்தில் எல்லாம் திருகி இறுக்க ஒரு குமிழ். மேஜையில் கவ்விப் பிடிக்க ஒரு கிளாம்ப். வெளிச்சம் மேலிருந்து விழக்கூடாது, இடது பக்கத்திலிருந்து துணியை ஒட்டி, சாய்வாக வர வேண்டும். கறுப்பில் கறுப்புத் தையல் தெரிகிற ரகசியமே அதுதான். சாய்வாக வெளிச்சம் அடித்தால் ஒவ்வொரு தையலும் சின்ன மேடாக எழுந்து நிற்கும், மேடுக்குப் பக்கத்தில் நிழல் விழும், கண் அதைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, எண்ணெய் விடும்போது மிஷின் தலையைப் பின்னால் சாய்ப்போமே, அப்போது லைட் குறுக்கே நிற்கக் கூடாது.

கட்டுக்கம்பி, கல்யாணப் பத்திரிகை அட்டை, தண்ணீர் பாட்டில் மூடி இவற்றை வைத்து ஒரு மாதிரியும் செய்தேன். இன்ஜினியரிங் படிக்கிற தம்பி மகன் போனில் ஒரு ஆப் போட்டு ஊசியடி வெளிச்சத்தை அளந்தான். 180 லக்ஸ் காட்டியது, லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. போன் அளவு துல்லியம் கிடையாது, இருந்தாலும் தையல் வேலைக்கு ஐரோப்பியத் தரநிலை கேட்பது 750. நான் நாலில் ஒரு பங்கு வெளிச்சத்தில் 19 வருஷம் ஓட்டியிருக்கிறேன். சரி, நமக்கு ஒன்று, பக்கத்துத் தெரு அக்காவுக்கு ஒன்று என்று இரண்டு செய்வோம், நன்றாக வந்தால் மற்ற டெய்லர்களுக்கும் செய்து விற்கலாம் என்று ஆசை வந்துவிட்டது.

செயலியில் தேடினேன். இந்தக் கடைக்குப் பக்கத்தில் பச்சை டிக், "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதியிருந்தது. ஆனி மாதக் கடைசியில் பஸ் ஏறிக் கோவைக்குப் போனேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கல்யாண வேலை இருக்காது. அதற்குள் லைட் வந்துவிட்டால் ஆவணியில் கண்ணுக்கு நிம்மதி என்பது என் கணக்கு.

அந்தக் கடையில் நடந்ததை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. முப்பது வயதுப் பையன். மடியில் வைத்திருந்த பையிலிருந்து என் கம்பி மாதிரியை வெளியே எடுக்கவே கூச்சமாக இருந்தது, சிரிப்பானோ என்று. சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கினான். வெர்னியர் என்கிற அளவுக் கருவியை எடுத்துப் பாட்டில் மூடியின் விட்டத்தை அளந்தான். "அக்கா, நீங்க வலது கைப் பழக்கமா? அப்ப லைட் இடது பக்கம் வரணும், கரெக்ட்டா யோசிச்சிருக்கீங்க" என்றான். பெரிய திரையில் என் மிஷின் படத்தைப் போட்டு, என் லைட்டை அதன் பக்கத்தில் நிறுத்தி, மவுஸால் திருப்பித் திருப்பிக் காட்டினான். நான் மனசுக்குள் வைத்திருந்தது அங்கே சுற்றிக்கொண்டிருந்தது. அப்புறம் சொன்னான், "எங்கம்மாவும் தைக்கிறவங்கதாங்க்கா. இதுல நான் லாபம் பாக்க மாட்டேன்."

அம்மா என்றதும் நான் விழுந்துவிட்டேன். அவன் அம்மா தைக்கிறாரா, அவனுக்கு அம்மா இருக்கிறாரா என்றுகூட இன்று எனக்குச் சந்தேகம்.

டிசைனுக்கும் இரண்டு சாம்பிள் பீஸுக்கும் சேர்த்து 20,000. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 3,600. மொத்தம் 23,600. பாதி இப்போது, பாதி பீஸ் வந்ததும் தருகிறேன் என்றேன். "தாராளமா தாங்க. ஆனா மொத்தமா போட்டீங்கன்னா ஒரே பில்லா முடிச்சு மெட்டீரியலை இன்னைக்கே ஆர்டர் போட்டுருவேன், பதினஞ்சு நாள்ல கைல இருக்கும்" என்றான். அங்கேயே உட்கார்ந்து க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து 23,600ஐயும் போட்டேன். டீ வாங்கிக் கொடுத்தான். அந்த டீயின் விலை 23,600 ரூபாய்.

வாய்வார்த்தையாகப் பேசியது இதுதான்: உடம்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக், லைட் தலைக்குள் சூட்டை இழுக்க அலுமினியத் தகடு, 5 வாட் எல்இடி, 12 வோல்ட் அடாப்டர். எதையும் எழுதி வாங்கவில்லை.

பதினைந்தாவது நாள் கேட்டேன். மெட்டீரியல் வரவில்லை. இருபதாவது நாள், ஆடி மாசம், ஆள் லீவு. அடுத்த வாரம் மிஷின் ரிப்பேர். அப்புறம் ஒரு பெண் போனை எடுத்து "சார் சென்னை போயிருக்காங்க" என்றார். பின்னால் அந்தச் சார் யாரிடமோ சிரித்துப் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. வாட்ஸப்பில் இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது.

47வது நாள் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. அதற்குள் ஆவணி பிறந்து என் மேஜையில் கல்யாண பிளவுஸ் குவிந்துவிட்டது. ஒரே ஒரு லைட்தான் இருந்தது. இரண்டாவது "நெக்ஸ்ட் வீக்". அடாப்டரே இல்லை, நேரே பிளக்கில் சொருகுகிற ஒயர். சரி, எரிகிறதா பார்ப்போம் என்று மாட்டினேன். பளிச்சென்று எரிந்தது. ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மிஷினை ஓட்டினால் ஒரு ஊசி நாலைந்து ஊசியாகத் தெரிகிறது! கண்ணைக் கசக்கிப் பார்த்தேன், மறுபடி அதேதான். போன் கேமராவை நீட்டினால் திரையில் பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடு ஓடுகிறது. தம்பி மகன் விளக்கினான்: நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான டிரைவர் (எல்இடிக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கிற சர்க்யூட்) போட்டால் லைட் ஒரு வினாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். சும்மா உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. வேகமாகப் போகிற ஊசியை அது துண்டு துண்டாகக் காட்டும். துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் ஃபுட் பக்கத்தில் விரலை வைத்து வேலை செய்கிறவளுக்கு இப்படி ஒரு லைட்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். லைட்டின் தலை மெதுவாகக் குனிகிறது. குமிழ் தளர்ந்துவிட்டது என்று இறுக்கினேன். குமிழ் இறுக்கமாகத்தான் இருந்தது, கைதான் வளைகிறது, வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி மாதிரி. நான் மும்முரமாகக் கழுத்துப் பைப்பிங் ஓட்டிக்கொண்டிருந்தபோது இன்னும் இறங்கி, மேலும் கீழும் போகிற நூல் லீவரில் டக் டக்கென்று இடித்து, நூல் அறுந்தது. நல்ல வேளை, பட்டு அதற்கு அடியில் இல்லை.

அவன் போட்டது ஏபிஎஸ் இல்லை, பிஎல்ஏ. 3டி பிரிண்டிங்கில் இருப்பதிலேயே சுலபமாக பிரிண்ட் அடிக்க வருகிற பிளாஸ்டிக், 60 டிகிரி சூட்டுக்கே இளகிவிடும். பொம்மை செய்ய நல்லது. ஏபிஎஸ் 100 டிகிரி வரை தாங்கும். தலையைக் கழற்றிப் பார்த்தால் அலுமினியத் தகடு என்று ஒன்று இல்லவே இல்லை, எல்இடியைப் பசை வைத்து நேரே பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கிறான்.

இதைவிட மோசம், கூட வேலை செய்கிற பெண் தலையை நிமிர்த்தப் போய் வெளியே தெரிந்த திருகில் விரல் பட்டு "ஆ"வென்று கையை உதறினாள். எலக்ட்ரீஷியன் டெஸ்டரை அந்தத் திருகில் வைத்தார், எரிந்தது. "ஏங்க, இதுல 230 வோல்ட் நேரா வருது, யாருங்க இதைச் செஞ்சு குடுத்தது?" என்று கேட்டார். 12 வோல்ட் அடாப்டர் என்று பேசியது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரும்பு மிஷின், கால் தரையில். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவள் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

போன் செய்தேன். "வோல்டேஜ் ஜாஸ்தியா இருந்திருக்கும்." பிறகு "நீங்க ரொம்ப நேரம் போட்டிருப்பீங்க." தையல் மிஷின் லைட்டை ரொம்ப நேரம் போடாமல் எவ்வளவு நேரம் போடுவது? பிறகு "சாம்பிள்னா அப்படித்தாங்க்கா இருக்கும்." பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அக்கா மேடம் ஆகிவிட்டது. "மேடம், பீஸ் கேட்டீங்க, பீஸ் குடுத்துட்டோம்." சரி, பணம் வேண்டாம், என் டிசைன் ஃபைலையாவது கொடு, வேறு ஆளிடம் செய்துகொள்கிறேன் என்றேன். "ஃபைல் குடுக்கறது எங்க பாலிசில இல்ல. அது எங்க வொர்க்." நான் கட்டுக்கம்பி வளைத்துச் செய்த லைட் அவன் வொர்க் ஆகிவிட்டது!

செயலிக்காரர்களிடம் புகார் போட்டேன். "நாங்கள் வாடிக்கையாளரையும் வியாபாரியையும் இணைத்து மட்டுமே வைக்கிறோம்" என்று பதில் வந்து, இரண்டு நாளில் புகார் தீர்க்கப்பட்டதாக மெசேஜும் வந்தது. எனக்கு யாரும் எதையும் தீர்க்கவில்லை. பச்சை டிக் எதற்கு என்று கேட்டேன். போன் நம்பர் உண்மையானதா என்று பார்த்துக் கொடுப்பதாம்.

அப்புறம் பில். அவன் கொடுத்த தாளை இத்தனை நாள் கழித்து நிதானமாகப் படித்தேன். மேலே "எஸ்டிமேட்" என்றுதான் இருக்கிறது, இன்வாய்ஸ் இல்லை. கீழே 33 என்று தொடங்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண். அக்கா மகள் அதை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்த்தாள். பதிவு ரத்து என்று வந்தது. அப்படியென்றால் வரி என்று என்னிடம் வாங்கிய 3,600 எங்கே போனது? நேற்று இரவு இந்தக் கேள்வியைத்தான் வாட்ஸப்பில் கேட்டேன். இன்று காலை பிளாக்.

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மணி பத்தாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்காதீர்கள், யாருடைய அம்மா தைத்தாலும். எந்தப் பிளாஸ்டிக், எத்தனை வோல்ட், ஃபைல் யாருக்கு என்று வாட்ஸப்பிலாவது எழுதி வாங்குங்கள். ஜிஎஸ்டி எண்ணைக் கடையில் உட்கார்ந்தபடியே போனில் பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை. நேரே 230 வோல்ட் வருகிற இந்த மாதிரி லைட் எதையும் மிஷின் பக்கத்தில் வைக்காதீர்கள்.

1915க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதிந்துவிட்டேன், தமிழிலேயே பேசினார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லையாம், திங்கட்கிழமை அக்கா மகளோடு போகிறேன். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். "வியாபாரத்துக்குத்தானே வாங்கினீங்க" என்று எதிர்ப்பக்கம் கேட்டால் அதைச் சொல்லச் சொன்னாள்.

நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கல்யாண வீட்டார் வருகிறார்கள். மூன்று பிளவுஸ் பாக்கி. அதில் ஒன்று கறுப்பு.