கிளட்ச் மாற்றிய நாளில் வந்த நடுக்கம்

நான் வைத்திருக்கும் ஏழு இருக்கை டீசல் வண்டியின் மாடலையே பழையதாக வாங்கலாமா என்று நண்பர் நேற்றுக் கேட்டார். என் வண்டி 1,20,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. எஞ்சின், மைலேஜ், ஏசி எதிலும் குறையில்லை. நான் சொல்ல வேண்டியது ஒரு நடுக்கத்தைப் பற்றித்தான்.

கிளட்ச் பிளேட் மாற்றி எடுத்து வந்த அன்றே தொடங்கியது. 75ஐத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். பின்சீட்டில் ஆள் நிறைந்தால் அதன் சுருதியே மாறும். திருச்சி போய்ச் சேர்வதற்குள் கால் மரத்துப்போகிறது என்றார் அம்மா. சர்வீஸ் சென்டரில் வீல் பேலன்சிங் செய்தார்கள், அலைன்மென்ட் பார்த்தார்கள், எஞ்சின் மவுன்ட்டையும் மாற்றினார்கள். கடைசியில், "இந்த மாடலே இப்படித்தான் சார்." ஐந்து வருடம் அதை ஓட்டியவனிடம்!

சரி என்று ஒருநாள் காலி ரோட்டில் 80இல் நியூட்ரலுக்குத் தள்ளினேன். எஞ்சின் ஐடிலுக்கு இறங்கியும் நடுக்கம் அப்படியே இருந்தது. அப்படியானால் எஞ்சினும் கிளட்சும் காரணமில்லை. மிச்சம் சக்கரமும், கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட்டும். அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பத்துச் சுற்று சுற்றும், கோளாறு என்றால் பெரும்பாலும் ஸ்டீயரிங்கை உதறும். ஷாஃப்ட் அதைப்போல் நான்கு மடங்கு வேகம். அதன் கோளாறு கையில் தெரியாது, தரையிலும் சீட்டிலும்தான் இரையும்.

ஷாஃப்ட் வேலை மட்டும் பார்க்கும் ஒரு பட்டறைக்குப் போனேன். அந்த அண்ணன் குனிந்து பார்த்ததுமே சொன்னார்: "கழட்டும்போது மார்க் போடல தம்பி." கிளட்ச் மாற்ற ஷாஃப்ட்டைக் கழற்றியாக வேண்டும், திரும்ப அதே இடத்தில் பொருத்தத்தான் அந்த மார்க். ஷாஃப்ட்டின் முனையில் உள்ள சிலுவை வடிவ மூட்டான கிராஸ் சாய்வாகச் சுழலும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஷாஃப்ட்டின் வேகம் கூடிக் குறையும். அந்த மூட்டைப் பிடிக்கும் கவைகளான யோக்குகள் இரண்டு முனையிலும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால், முன்பக்கம் கூட்டுவதைப் பின்பக்கம் கழித்துவிடும். என் வண்டியில் ஷாஃப்ட்டின் இரு பாகங்களும் பல்லோடு பல் செருகி நிற்கும் ஸ்லிப் ஜாயின்ட்டை உருவியவர்கள் சில பல் தள்ளிப் பூட்டியிருந்தார்கள். அவர் உருவி, நேராக்கி, கிரீஸ் வைத்துப் பூட்டினார். புதுப் பொருள் ஒன்றுகூட வாங்கவில்லை.

வீடு வரும்வரை பாட்டுப் போடவில்லை. அந்த அமைதி அவ்வளவு பிடித்திருந்தது.

வண்டி நல்ல வண்டி, அதன்மேல் தவறில்லை. இருந்தாலும் நண்பரிடம், "வாங்காதீர்கள்" என்றுதான் சொன்னேன். அந்த நடுக்கத்தோடு எட்டு மாதம் ஓட்டிய கோபம் இன்னும் இறங்கவில்லை. அப்படியும் வாங்கினால், ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் பக்கத்தில் நின்று, பெயின்ட்டில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.