வாடகை வீட்டுக்கு வாஷிங் மெஷின்: செமியா, ஃபுல்லியா?

வாடகை வீட்டில் போடும் வாஷிங் மெஷினைக் காசு கொடுத்து வாங்குகிறவர் ஒருவர், அதில் துவைக்கிறவர் இன்னொருவர். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்து குடியிருப்பவர் கிளம்பினால், அடுத்து வருகிறவர் அதே மெஷினை வேறு மாதிரி பாடுபடுத்துவார். மேனுவலை யாரும் புரட்டப்போவதில்லை. அதனால் எத்தனை வாஷ் ப்ரோக்ராம், வைஃபை இருக்கிறதா, மூடி கண்ணாடியா என்பதெல்லாம் இங்கே பின்னால் போக வேண்டும். தண்ணீர் எப்படி வருகிறது, மெஷின் எங்கே நிற்கப்போகிறது, கெட்டுப்போனால் என்ன செலவு என்ற மூன்றும் முன்னால் வர வேண்டும்.

மேடவாக்கம் பக்கம் எங்களுக்கு மூன்று போர்ஷன் வாடகைக்கு இருக்கிறது. மேல் மாடியில் செமி ஆட்டோமேட்டிக், அதாவது துவைத்த துணியைப் பிழியும் ஸ்பின் டப்புக்கு நாமே மாற்ற வேண்டிய வகை. கீழே இரண்டிலும் ஃபுல்லி ஆட்டோமேட்டிக் டாப் லோட், அதாவது மேலே மூடி திறந்து போட்டால் ஒரே டப்பில் எல்லாம் தானாக முடியும் வகை. முன்பக்கம் கதவு வைத்த ஃப்ரன்ட் லோடை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டேன். விலை டாப் லோடைவிட அதிகம். போர் தண்ணீரில் அதன் ஹீட்டர் மேல் உப்பு படியும். கதவு ரப்பரைத் துடைத்து வைக்கும் பழக்கம் எல்லோருக்கும் இருக்காது. நன்றாகத் துவைக்கும் மெஷின்தான், ஆனால் ஆள் மாறிக்கொண்டே இருக்கும் வீட்டுக்கு அது சரிப்படாது.

முதலில் விலை. 7 கிலோ செமி ஆட்டோமேட்டிக் சுமார் 8,000 முதல் 11,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. 6.5 அல்லது 7 கிலோ ஃபுல்லி ஆட்டோமேட்டிக் டாப் லோட் 13,000 முதல் 18,000 வரை. 15,000 ரூபாய் மெஷினை மூன்று வருஷத்துக்குப் பிரித்தால் மாதம் 420 ரூபாய் கிட்ட வருகிறது. 9,500 ரூபாய் செமி என்றால் 265. வாடகையில் 500 ரூபாய் கூடுதலாகக் கேட்க முடிகிற இடத்தில் இரண்டுமே கட்டுப்படியாகும். ஆகவே விலை வித்தியாசத்தை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டியதில்லை. ஒரு விஷயம்: வாஷிங் மெஷினுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது 2018 ஜூலையிலேயே. 2025 செப்டம்பரில் ஏசி, டிஷ்வாஷருக்கெல்லாம் வரி குறைந்தபோது இதற்கு மாற்றம் எதுவும் இல்லை. 'வரி குறைஞ்சிருக்கு சார்' என்று கடையில் சொன்னால் பழைய பில் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது தண்ணீர் அழுத்தம். பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் தரும். மொட்டை மாடியில் நாலடி மேடை கட்டி டேங்க் வைத்திருந்தால், அதற்கு நேர் கீழே இருக்கும் மாடி வீட்டுக் குழாய்க்கும் டேங்க் தண்ணீருக்கும் நடுவே மூன்று, மூன்றரை மீட்டர்தான் இருக்கும். அதாவது 0.3 பாரைத் தாண்டுவதே சிரமம். டேங்க் பாதியானால் இன்னும் குறையும். இரண்டு மாடி கீழே, தரைத்தளத்தில் அதே டேங்க் தண்ணீர் 0.9 பார் அழுத்தத்தில் வரும். ஒரே கட்டடம், ஒரே டேங்க், ஆனால் கீழ் வீட்டில் சமர்த்தாக ஓடும் ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மேல் வீட்டில் நின்று நின்று ஓடும்.

இதைச் சோதிக்க மீட்டர் எதுவும் வேண்டாம். மெஷினுக்குக் கொடுக்கப்போகும் குழாயை முழுக்கத் திறந்து 10 லிட்டர் பக்கெட்டைப் பிடியுங்கள். ஒரு நிமிஷத்தில் நிரம்பினால் கவலையில்லை. மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆனால் ஃபுல்லி ஆட்டோமேட்டிக் வாங்கும் முன் யோசிக்க வேண்டும். முழு லோடுக்கு ஒரு தடவை டப் நிரம்ப 50 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், துவைக்க ஒரு முறை, அலச இரண்டு முறை என மூன்று தடவை நிரம்ப வேண்டும். நிமிஷத்துக்கு 3 லிட்டர் வரும் குழாயில் தண்ணீர் பிடிக்கவே ஐம்பது நிமிஷம் போய்விடும். அதுவரை எல்லா மெஷினும் பொறுமையாக இருக்காது. இவ்வளவு நேரத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை என்றால் நிறுத்திவிட்டு எரர் காட்டும். எல்ஜியில் அது 'ஐஇ', சாம்சங்கில் '4சி'.

குறைந்த அழுத்தத்துக்கென்றே சில மாடல்கள் வருகின்றன. விர்ல்பூலின் 'ஸீரோ பிரஷர் ஃபில்' மாடல்கள் 0.017 மெகாபாஸ்கலிலும் சீக்கிரம் நிரம்பும் என்று அந்தக் கம்பெனி சொல்கிறது. 1.7 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் அது. மாடி வீட்டில் ஃபுல்லிதான் போட வேண்டும் என்றால் இந்த வகையைத்தான் பார்க்க வேண்டும். எல்லா மாடலிலும் இது இருக்காது, அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். பிரஷர் பம்ப் போடலாமே என்பார்கள். போடலாம், ஆனால் அந்தச் செலவைச் சேர்த்தால் 'மலிவான மெஷின்' என்ற பேச்சே அடிபட்டுப்போகும்.

செமியில் இந்தத் தொல்லையே கிடையாது. குழாய் மெதுவாக வந்தாலும் சரி, பக்கெட்டில் மொண்டு ஊற்றினாலும் சரி, மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான். கரண்ட் போய் வந்தால் டைமர் விட்ட இடத்திலிருந்து சுற்றும். எங்கள் மேல் மாடியில் செமி இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தண்ணீர் போகும் வழியையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் மலிவான டாப் லோட் மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு வெளியேற்றும் பம்ப் கிடையாது. தண்ணீர் தானாக வடிகிறது. டிரெயின் ஹோஸைத் தூக்கி வாஷ்பேசினிலோ பால்கனிச் சுவர் மேலோ வைத்தால் தண்ணீர் வெளியேறாது. தரை மட்டத்தில் ஜல்லடை ஓட்டை இருக்கும் இடம்தான் மெஷினுக்குரிய இடம். அப்புறம் பாத்ரூம் கதவு. செமி ஆட்டோமேட்டிக் அகலத்தில் 75, 80 சென்டிமீட்டர் வரும், ஆழம் குறைவு. ஃபுல்லி ஏறத்தாழ 55க்கு 55 சதுரம். இரண்டரை அடிக் கதவில் செமியைப் பக்கவாட்டாகத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். கடைக்குப் போகும் முன் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

தண்ணீர்ச் செலவை ஓனர்கள் கவனிக்காமல் விடக்கூடாது. ஃபுல்லி டாப் லோட் ஒரு முழு லோடுக்கு 100 முதல் 150 லிட்டர் குடிக்கும். வாரம் நாலு லோடு என்றால் ஒரு வீட்டுக்கு மாதம் சுமார் 2,000 லிட்டர். மூன்று வீட்டுக்கு 6,000, அதாவது 12,000 லிட்டர் லாரியில் பாதி. 2019 கோடையில் சென்னையில் லாரிக்குக் காத்துக் கிடந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும். செமியில் வெள்ளைத் துணி துவைத்த சோப்புத் தண்ணீரிலேயே கலர் துணியையும், கடைசியில் மிதியடியையும் போட்டு எடுக்கலாம். அப்படிச் செய்கிறவர்கள் பாதித் தண்ணீரில் முடித்துவிடுவார்கள். ஆனால் ஹோஸைத் திறந்துவிட்டுப் போனில் பேசப் போகிறவர் கையில் அதே செமி ஃபுல்லியைவிட அதிகம் வீணாக்கும். செமி தண்ணீரை மிச்சப்படுத்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

கரண்ட் பற்றி ஒரு வரி போதும். ஹீட்டர் இல்லாத டாப் லோட், ஒரு லோடுக்குக் கால் யூனிட்டுக்குள்தான் இழுக்கும். ஸ்டார் எண்ணிக்கைக்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுப்பது வாடகை வீட்டில் திரும்பி வராது.

சரி, ரிப்பேர். செமியில் கெடுகிறவை எளிமையானவை: டைமர், பெல்ட், ஸ்பின் பக்கத்து ரப்பர் சீல், பிரேக் வயர். தெருமுனை மெக்கானிக்கே கைவைப்பார், பாகங்களும் சில நூறு ரூபாய்தான். சீல் தேய்ந்து தண்ணீர் கசிவதைக் கவனிக்காமல் விட்டால் ஸ்பின் மோட்டார் எரியும், அதுதான் பெரிய செலவு. பிரேக் கட்டை தேய்ந்து பிடிக்காமல் போனால் உடனே மாற்ற வேண்டும். மூடியைத் திறந்த பிறகும் டப் நிற்காமல் சுற்றும், குழந்தைகள் கைவிட்டால் ஆபத்து. சிறு குழந்தைகள் உள்ள குடும்பம் வருகிற வீட்டுக்கு ஃபுல்லியை நான் பரிந்துரைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஃபுல்லியில் பயமுறுத்துவது சர்க்யூட் போர்டு. மாற்றினால் சில ஆயிரம் போகும். அடுத்து டப்பைத் தாங்கும் நாலு கம்பிகள், அளவுக்கு மீறித் திணித்தால் தளர்ந்துவிடும். ஆனால் வருகிற புகார்களில் பாதி இவ்வளவு பெரிதல்ல. தரைத்தளத்துத் தம்பி ஒருநாள் "அங்கிள், மெஷின்ல என்னமோ எரர் காட்டுது, தண்ணியே ஏறல" என்று கூப்பிட்டார். வந்த சர்வீஸ் ஆள் போர்டு போயிருக்கும் என்றார். நான் குழாயை மூடி, மெஷினுக்குப் பின்னால் இன்லெட் ஹோஸைக் கழற்றிப் பார்த்தேன். வால்வ் வாயில் விரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் சல்லடை, அதன் மேல் துருவும் மணலும் களிம்பு மாதிரி அப்பியிருந்தது. மூக்குக் குறடால் பிடித்து இழுத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவி மாட்டியதும் மெஷின் ஓடியது. போர் தண்ணீர் உள்ள வீட்டில் போர்டை மாற்றச் சம்மதிக்கும் முன் அந்தச் சல்லடையைப் பாருங்கள்.

மோட்டாருக்குப் பத்து வருஷ வாரன்டி என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மோட்டார் அரிதாகத்தான் போகும், போர்டுக்கும் வால்வுக்கும் அந்த வாரன்டி செல்லாது. தேவைக்கேற்ப வேகத்தை மாற்றி ஓடும் இன்வெர்ட்டர் மோட்டாரில் சத்தம் குறைவு என்பது உண்மை. பக்கத்து போர்ஷன் சுவரை ஒட்டி மெஷின் நிற்கிறது என்றால் அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

பிராண்டைப் பொறுத்தவரை எல்ஜி, சாம்சங், விர்ல்பூல், கோத்ரெஜ், ஹையர் எல்லாவற்றிலும் இந்த விலைக்கு மெஷின் இருக்கிறது. சாம்சங் வாஷிங் மெஷின் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலும், விர்ல்பூல் புதுச்சேரியிலும் தயாராகின்றன. ஆனாலும் பாகம் சீக்கிரம் கிடைப்பது உங்கள் ஏரியா சர்வீஸ் சென்டரைப் பொறுத்ததுதான். அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் எந்தக் கம்பெனி ஆள் கூப்பிட்டால் வருகிறார் என்று கேட்டு, அதில் ஹீட்டர் இல்லாத, வைஃபை இல்லாத அடிப்படை மாடலை எடுங்கள். திருவான்மியூர், ராயபுரம் மாதிரி கடற்கரை ஏரியாவில் இரும்பு உடம்பு துருப்பிடிக்கும், அங்கே பிளாஸ்டிக் உடம்புள்ள செமிக்கு ஒரு மதிப்பெண் கூட. எந்த வகையாக இருந்தாலும் அடியில் எலி நுழையாத தடுப்பு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். செகண்ட் ஹேண்ட் ஃபுல்லி வாங்குவதைவிட அதே காசுக்குப் புது செமி வாங்குவது நல்லது.

ஆக என் தேர்வு இப்படி: கீழ்த்தளம் அல்லது நல்ல அழுத்தம், குடும்பம், குழந்தைகள் என்றால் 7 கிலோ அடிப்படை ஃபுல்லி. மேல் மாடி, மெதுவான குழாய், லாரித் தண்ணீர் என்றால் செமி. பேச்சிலர் பையன்கள் நாலு பேர் தங்கும் வீட்டுக்குச் செமி மலிவு என்று தோன்றும். ஆனால் துணியை ஒரு டப்பிலிருந்து இன்னொரு டப்புக்கு மாற்றும் பொறுமை அவர்களுக்கு இருக்காது, ஈரத்துணியோடு இரண்டு நாள் மெஷின் நிற்கும். அழுத்தம் சரியாக இருந்தால் அவர்களுக்கும் ஃபுல்லிதான்.

வாங்கிய கையோடு ஒப்பந்தத்தில் ஏற்றிவிடுங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தை வலியுறுத்துகிறது. அதில் மெஷினின் மாடல், சீரியல் நம்பர், ஒப்படைக்கும் நாளில் இருந்த நிலை, எந்தப் பழுது யார் செலவு என்று ஒரு பத்தி எழுதினால் அட்வான்ஸைத் திருப்பும்போது வாய்ச்சண்டை வராது. தானாகத் தேய்கிற பாகம் ஓனர் பொறுப்பு, திணித்தும் உடைத்தும் கெடுத்தால் குடியிருப்பவர் பொறுப்பு என்று நாங்கள் எழுதுகிறோம். மெஷின் இருக்கும் பிளக்கில் எர்த் சரியாக வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்து, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி சுவிட்ச் போட்டுவிடுங்கள். அது மட்டும் யார் குடிவந்தாலும் ஓனர் செலவுதான்.